ரத்த சீரத்துல இருக்குற புரதங்கள பிரிச்சு அடையாளம் காணுறது எப்படி: டியூப்ல இருந்து பேண்டுக்கு பேர் வைக்கிற வரைக்கும்

சீரம் எலக்ட்ரோபோரசிஸ், அதாவது சீரம் புரதங்கள மின்சாரத்தால ஜெல்லுக்குள்ள நகர்த்திப் பிரிக்கிறது, அந்த ஜெல்ல ஸ்டெயின் பண்ணி எடுத்ததும் அஞ்சு பட்டை (பேண்ட்) தெரியும். ஆல்புமின், ஆல்பா 1, ஆல்பா 2, பீட்டா, காமா. இத பாத்துட்டு அஞ்சு புரதத்த பிரிச்சாச்சுன்னு ரெக்கார்டு நோட்ல எழுதுற பசங்க நிறைய பேரு. பிரிச்சது உண்மைதான், ஆனா அஞ்சு புரதத்த இல்ல, அஞ்சு மண்டலத்த. ஒரே ஸ்டாப்ல இறங்குனவங்க எல்லாரும் ஒரே குடும்பம்னு சொல்ல முடியாதுல்ல, அந்த மாதிரிதான், ஒரே இடத்துக்கு நகர்ந்து வந்த புரதங்கள் பலது ஒரு பட்டைக்குள்ள இருக்கும். அதனால பிரிக்கிறது ஒரு வேலை, எது எதுன்னு அடையாளம் காணுறது தனி வேலை. இந்த ரெண்டையும் குழப்பிக்காம செய்யணும்ங்கிறதுக்காகத்தான் இத இவ்ளோ நீளமா எழுதுறேன். எம்எல்டி, பயோகெமிஸ்ட்ரி படிக்கிறவங்கள மனசுல வச்சு எழுதினது.

முதல்ல சீரத்துல என்ன இருக்குன்னு ஒரு கணக்கு

ஆரோக்கியமான பெரியவங்களுக்கு மொத்த புரதம் டெசிலிட்டருக்கு சுமார் 6-ல இருந்து 8 கிராம். அதுல ஆல்புமின் மட்டும் 3.5-ல இருந்து 5 கிராம், அதாவது பாதிக்கு மேல ஒரே ஒரு புரதம். எடை கணக்குல பாத்தா முன்னணியில இருக்குற ஒரு இருபது சொச்சம் புரதங்களே சீரம் புரதத்துல கிட்டத்தட்ட 99 சதவீதம். மீதி இருக்குற ஒரு சதவீதத்துக்குள்ளதான் ஹார்மோன், சைட்டோகைன்னு எல்லாம் இருக்கு. ஆல்புமினுக்கும் இன்டர்லூக்கின் 6 மாதிரி ஒரு புரதத்துக்கும் அளவுல இருக்குற வித்தியாசம் கிட்டத்தட்ட ஆயிரம் கோடி மடங்கு. அகரோஸ் ஜெல்ல நம்ம கண்ணுக்கு தெரியுறது அந்த மேல்தட்டு இருபதுல கொஞ்சம் பேரு மட்டும்தான். ஜெல்ல தெரியல, அதனால சீரத்துல இல்லன்னு யாரும் முடிவு கட்டிடாதீங்க.

சாம்பிள் எடுக்குறது

மனுஷ ரத்தம்னாலே ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எது வேணா இருக்கலாம்னு எடுத்துக்கிட்டுதான் கைய வைக்கணும். கிளவுஸ் கட்டாயம். சிந்தினா 1 சதவீத ஹைபோகுளோரைட் ஊத்தி நல்லா ஊறவிட்டு அப்புறம் துடைங்க.

ரத்தத்த சிவப்பு மூடி டியூப்லயோ ஜெல் இருக்குற மஞ்சள் மூடி டியூப்லயோ எடுக்கணும், ஈடிடிஏ டியூப் வேண்டாம், ஹெபாரின் டியூப்பும் வேண்டாம். ஏன்னா அதுல கிடைக்கிறது பிளாஸ்மா, அதுல ரத்தத்த உறைய வைக்கிற புரதமான ஃபைப்ரினோஜன் அப்படியே இருக்கும். இது பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவுல கூர்மையா ஒரு பேண்டா வந்து நிக்கும், பாக்க மைலோமாங்கிற பிளாஸ்மா செல் புற்றுநோய் உள்ளவங்களுக்கு வர்ற எம் பேண்ட் மாதிரியே இருக்கும். ஒரு மனுஷனுக்கு கேன்சர் சந்தேகம்னு ரிப்போர்ட் போறதுக்கு தப்பான டியூப் காரணமா இருக்கக் கூடாது. ஹெபாரின் மருந்துல இருக்குற நோயாளிக்கு சரியான டியூப்ல எடுத்தா கூட ரத்தம் முழுசா உறையாம இதே பேண்ட் வரலாம். சந்தேகம் வந்தா சாம்பிள்ல கொஞ்சம் திராம்பின் சேர்த்து உறைய வச்சு மறுபடி ஓட்டிப் பாருங்க, பேண்ட் காணாம போச்சுன்னா அது ஃபைப்ரினோஜன்.

அறை வெப்பத்துல அரை மணி நேரம் உறைய விடுங்க. அப்புறம் சென்ட்ரிஃபியூஜ்ல சுமார் 1500 ஜி விசையில 10 நிமிஷம். எத்தனை ஆர்பிஎம்னு கேட்டா அது ரோட்டர பொறுத்தது, 15 சென்டிமீட்டர் ஆரம் இருக்குற ரோட்டர்னா 3000 ஆர்பிஎம் போட்டா ஏறக்குறைய அந்த விசை கிடைக்கும். மேல தெளிவா நிக்கிற மஞ்சள் திரவத்த மட்டும் எடுங்க, பேராசைப்பட்டு அடி வரைக்கும் உறிஞ்ச வேண்டாம். இளஞ்சிவப்பா இருந்தா சிவப்பணு உடைஞ்சிருக்குன்னு அர்த்தம், அந்த சாம்பிள திருப்பி அனுப்பிட்டு புதுசா கேக்குறதுதான் சரி. ஏன்னா வெளிய வந்த ஹீமோகுளோபின் ஹேப்டோகுளோபினோட சேர்ந்து ஆல்பா 2-க்கும் பீட்டாவுக்கும் நடுவுல ஒரு பேண்ட் போடும், மிச்சம் இருக்குற ஹீமோகுளோபின் பீட்டாவுல போய் உக்காரும், கடைசில பீட்டா அதிகம்னு நம்ம தப்பா படிப்போம்.

அன்னிக்கே ஓட்ட முடியலன்னா 2-ல இருந்து 8 டிகிரி ஃப்ரிட்ஜ்ல சில நாள் தாங்கும். ரொம்ப நாள் வச்சா காம்ப்ளிமென்ட் சி3 உடைஞ்சு பீட்டா 2 மங்கிடும். நீண்ட நாளைக்குன்னா சின்ன சின்ன அளவா பிரிச்சு உறைய வைங்க, ஒரே டியூப்ப திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்கக் கூடாது.

இதோட கூடவே பையூரெட் முறையில மொத்த புரதம் எவ்ளோன்னு அளந்து வச்சுக்கோங்க. பின்னாடி சதவீதத்த கிராமா மாத்த இந்த எண் இல்லாம ஒண்ணும் நடக்காது.

பஃபரும் ஜெல்லும்

பழைய நம்பகமான பஃபர் பார்பிட்டால், பிஹெச் 8.6. ஒரு லிட்டருக்கு சோடியம் பார்பிட்டால் 10.3 கிராம், பார்பிட்டால் 1.84 கிராம். பார்பிட்டால் பச்சத் தண்ணியில லேசுல கரையாது, சூடான தண்ணியில கரைச்சு ஆற விட்டு அப்புறம் லிட்டருக்கு நிரப்புங்க. பார்பிட்டால் கட்டுப்பாட்டுல இருக்குற மருந்துப் பொருள்ங்கிறதால எல்லா காலேஜ்லயும் வாங்கி வைக்க முடியாது, அப்போ டிரிஸ் அடிப்படையில வர்ற பஃபர வச்சு ஓட்டலாம், ஆனா ஒரு பஃபர்ல எடுத்த படத்த இன்னொரு பஃபர்ல எடுத்த படத்தோட அப்படியே ஒப்பிடாதீங்க.

ஏன் 8.6? ஆல்புமினோட ஐசோஎலக்ட்ரிக் பாயின்ட், அதாவது அதோட மொத்த மின்சுமை பூஜ்யமா இருக்குற பிஹெச், சுமார் 4.7. அதுக்கு மேல பிஹெச் போனா அது எதிர்மின் சுமைய எடுத்துக்கும். 8.6-ல சீரத்துல இருக்குற முக்கியமான புரதங்கள் கிட்டத்தட்ட எல்லாமே எதிர்மின் சுமையோடதான் இருக்கும், சுமை எவ்ளோங்கிறதுலதான் வித்தியாசம். ஆல்புமினுக்கு நிறைய, இம்யூனோகுளோபுலினுக்கு (ஆன்டிபாடி புரதங்கள், சுருக்கமா ஐஜி; ஐஜிஜி, ஐஜிஏ எல்லாம் அதுல வகைகள்) ரொம்ப கொஞ்சம். இதுதான் பிரிப்புக்கு அடிப்படை.

100 மில்லி பஃபர்ல 1 கிராம் அகரோஸ் போட்டு கொதிக்க வச்சு, கண்ணாடி மாதிரி தெளிஞ்சதும் 60 டிகிரி வாக்குல ஆற விட்டு பிளேட்ல சமமா ஊத்துங்க. குமிழி இருந்தா அப்பவே டிப்பால ஓரமா தள்ளிடணும், உறைஞ்சப்புறம் எதுவும் பண்ண முடியாது.

ஓட்டுறது

சாம்பிள் போடுற கோட்ட நெகட்டிவ் முனை பக்கமா வைங்க, ஆனா ஓரத்துல ஒட்டி இல்ல, பின்னாடியும் கொஞ்சம் இடம் விடணும், காரணம் அடுத்த பத்தியில. மைக்ரோபிப்பெட்டால 1-ல இருந்து 2 மைக்ரோலிட்டர் போதும். நிறைய போட்டா பட்டை பட்டையா பிரியாம ஒரே தீற்றலா போயிடும். ஒரு லேன்ல கட்டாயம் நார்மல் கண்ட்ரோல் சீரம், இன்னொண்ணுல துளி புரோமோஃபீனால் புளூ சேர்த்த சீரம். அந்த நீலச் சாயம் ஆல்புமினோட ஒட்டிக்கிட்டு கூடவே போகும், ஆல்புமின் எங்க இருக்குன்னு ஓடும்போதே பாக்கலாம். 100 வோல்ட் வாக்குல வச்சு, அந்த நீலம் தடவின கோட்டுல இருந்து 4 சென்டிமீட்டர் வாக்குல போனதும் நிறுத்துங்க. கடிகாரத்த நம்புறத விட நீலத்த நம்புறது நல்லது. டேங்க் மூடிய திறக்குறதுக்கு முன்னாடி பவர் சப்ளைய அணைச்சு ஒயர கழட்டிடணும், இதுல மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது.

இப்போ அந்த பின்னாடி விட்ட இடம். எல்லா புரதமும் எதிர்மின் சுமைன்னா எல்லாமே பாசிட்டிவ் முனைக்குத்தான போகணும், அப்புறம் காமா மட்டும் ஏன் தடவின கோட்டுக்கு பின்னாடி, நெகட்டிவ் பக்கமா போய் நிக்குது? வைவாவுல கேக்க வேண்டிய கேள்வி இதுதான். அகரோஸ்லயே சல்ஃபேட், கார்பாக்சில்னு எதிர்மின் சுமை உள்ள கூட்டங்கள் ஒட்டி இருக்கு. ஜெல் நகர முடியாது. ஆனா அந்தச் சுமைய ஈடுகட்ட திரவத்துல இருக்குற நேர்மின் அயனிகள் நகரும், நெகட்டிவ் முனைய நோக்கி, தங்கள சுத்தி இருக்குற தண்ணியையும் இழுத்துக்கிட்டு. ஆக ஜெல்லுக்குள்ள ஒரு நீரோட்டம் எதிர்த்திசையில ஓடிக்கிட்டே இருக்கு. இதுக்கு எலக்ட்ரோஎண்டாஸ்மோசிஸ்னு பேரு. ஆல்புமினுக்கு சுமை அதிகம், நீரோட்டத்த எதிர்த்து முன்னாடி போயிடும். ஐஜிஜிக்கு சுமை ரொம்ப கம்மி, நீரோட்டம் அத பின்னாடி தள்ளிடும். இது புரிஞ்சா ஜெல்ல எந்த பட்டை எங்க நிக்கும்னு மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல.

நிறம் ஏத்துறது

ஓட்டி முடிச்சதும் உடனே ஃபிக்ஸ் பண்ணணும், தள்ளிப் போட்டா பட்டைகள் பரவிடும். மெத்தனால் 5 பங்கு, அசிட்டிக் ஆசிட் 1 பங்கு, தண்ணி 4 பங்கு, இதுல 15 நிமிஷம். மெத்தனால் ஆவி உடம்புக்கு ஆகாது, ஃப்யூம் ஹூட்ல செய்யுங்க. அப்புறம் ஜெல்ல முழுசா காய வச்சு அமிடோ பிளாக்ல ஊற வச்சு, 5 சதவீத அசிட்டிக் ஆசிட்ல பின்னணி தெளியுற வரைக்கும் அலசுங்க. கூமாஸி புளூவும் போடலாம், அது இன்னும் மெல்லிசான பட்டையையும் பிடிக்கும், ஆனா ஆல்புமின் சீக்கிரமே நிறம் நிறைஞ்சு போயிடும்ங்கிறதால சாம்பிள நீர்த்துப் போடணும்.

எல்லா புரதமும் ஒரே அளவுக்கு சாயத்த பிடிக்காதுங்கிறத ஞாபகம் வச்சுக்கோங்க. ஆல்பா 1-ல இருக்குற ஓரோசோமுக்காய்டு எடையில பாதிக்கு நெருக்கமா சர்க்கரைதான், அதனால அது இருந்தாலும் சாயத்துல சரியா தெரியாது.

பட்டைய படிக்கிறது

இந்த ஆல்பா, பீட்டா, காமாங்கிற பேரெல்லாம் ஸ்வீடன்ல உப்சாலாவுல வேலை செஞ்ச ஆர்ன டிசேலியஸ் கொடுத்தது. 1937-ல ஜெல் எல்லாம் கிடையாது, யூ வடிவ குழாய்க்குள்ள குதிரை சீரத்த வச்சு மின்சாரம் விட்டு, எல்லைகள் நகர்றத ஒளியால படம் பிடிச்சார். 1939-ல அவரும் கபாட்டும் சேர்ந்து, ஆன்டிபாடி உருவாகுற மாதிரி ஊசி போட்ட முயலோட சீரத்துல இருந்து ஆன்டிபாடிய நீக்கினா காமா மட்டும் இறங்குதுன்னு காட்டினாங்க. 1948-ல டிசேலியஸுக்கு வேதியியல் நோபல். அந்த முயல் பரிசோதனைய எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா ஒரு சிகரத்துக்குள்ள என்ன இருக்குன்னு ஊகிக்காம, ஒண்ண எடுத்துட்டு எது குறையுதுன்னு பாத்திருக்காங்க.

பட்டையோட நிற அடர்த்திய அளக்குற டென்சிடோமீட்டர்ல ஸ்கேன் பண்ணா பொதுவா ஆல்புமின் 55-65 சதவீதம், ஆல்பா 1 ஒரு 2-4, ஆல்பா 2 ஒரு 7-12, பீட்டா 8-14, காமா 11-20 வரும். உங்க லேபோட சொந்த ரேஞ்ச் என்னவோ அதத்தான் ரிப்போர்ட்ல போடணும்.

எந்த மண்டலத்துல யார் முக்கியம்னா, ஆல்பா 1-ல ஆன்டிடிரிப்சின். இந்தப் பட்டை சுத்தமா காணோம்னா அந்த புரதத்தோட பரம்பரைக் குறைபாடா இருக்கலாம், ஜெல்ல கண்ணால பாத்தே சந்தேகப்படக்கூடிய விஷயம் இது. ஆல்பா 2-ல மேக்ரோகுளோபுலினும் ஹேப்டோகுளோபினும். பீட்டா 1-ல டிரான்ஸ்ஃபெரின், இரும்புச்சத்து குறைஞ்சவங்களுக்கு இது ஏறும். பீட்டா 2-ல சி3. காமாவுல பெரும்பாலும் ஐஜிஜி, ஐஜிஏ பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவுல பரவிக் கிடக்கும்.

தனித்தனி பட்டைய விட மொத்த வடிவம்தான் நிறைய பேசும். நெஃப்ரோடிக் சிண்ட்ரோம்ல சிறுநீரக வடிகட்டி ஓட்டையாகி ஆல்புமின் வெளிய போயிடும், ஐஜிஜியும் போயிடும், ஆனா ஆல்பா 2 மேக்ரோகுளோபுலின் 720 கிலோ டால்டன், அவ்ளோ பெருசு வெளிய போக முடியாது, ஈரலும் ஈடுகட்ட இன்னும் உற்பத்தி பண்ணும். அதனால ஆல்புமின் தாழ்ந்து ஆல்பா 2 மட்டும் உயர்ந்து நிக்கும். ஈரல் சுருங்கி தழும்பாகுற சிரோசிஸ்ல ஐஜிஏ ஏறி பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவுல இருக்குற பள்ளம் நிரம்பிடும். திடீர் அழற்சியில ஆல்பா 1, ஆல்பா 2 ரெண்டும் ஏறும். நாட்பட்ட தொற்றுல காமா அகலமா, மேடு மாதிரி ஏறும், அது பல பிளாஸ்மா செல் கூட்டங்களோட கலவை. மல்டிபிள் மைலோமாவுல ஒரே குளோன் ஒரே மாதிரி இம்யூனோகுளோபுலின கொட்டும், அதனால ஊசி மாதிரி குறுகலான சிகரம்.

கணக்கு: மொத்த புரதம் 9.6 கிராம், அந்தக் குறுகலான சிகரம் 38 சதவீதம்னா, 9.6 பெருக்கல் 0.38, சுமார் 3.65 கிராம். சிகரத்துக்கு அடியில இருக்குற சாதாரண காமாவையும் சேர்த்து அளந்துடாம கோடு போடுறதுதான் இதுல கஷ்டமான பகுதி. 3 கிராம்ங்கிறது எம்ஜியூஎஸ்ஸையும் (மைலோமாவுக்கு முந்தின நிலை) ஸ்மோல்டரிங் மைலோமாவையும் (அறிகுறி இன்னும் காட்டாத மைலோமா) பிரிக்கிற அளவுகோல்கள்ல ஒண்ணு, அதனால கோட்ட எங்க வைக்கிறோம்ங்கிறது நோயாளிய பாதிக்கும். ஒரே நோயாளிய மாசக்கணக்கா பின்தொடரும்போது ஒரே முறையில, ஒரே மாதிரி கோடு போடுங்க.

ஆனா இதுவரைக்கும் நம்ம பண்ணது வெறும் பிரிப்பு. குறுகலான சிகரம் இருக்குன்னு மட்டும்தான் சொல்ல முடியும், அது இம்யூனோகுளோபுலின்னு கூட இன்னும் சொல்லல.

பேர் வைக்கிறது: இம்யூனோஃபிக்சேஷன்

ஒரே சீரத்த ஆறு லேன்ல ஓட்டுங்க. முதல் லேன்ல எல்லா புரதத்தையும் ஃபிக்ஸ் பண்ற அமிலக் கரைசல். மீதி அஞ்சுல ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம், அப்புறம் இம்யூனோகுளோபுலினோட ரெண்டு வகை லைட் செயினான கப்பா, லாம்ப்டா, இதுகளுக்கு எதிரான ஆன்டிசீரம் (அந்தந்த புரதத்த பிடிக்கிற ஆன்டிபாடி உள்ள சீரம்), ஒவ்வொரு லேன் மேலயும் ஒண்ணு. ஆன்டிபாடி தனக்கு உரிய புரதத்தோட சேர்ந்து ஜெல்லுக்குள்ளயே படிஞ்சு நிக்கும். அப்புறம் சலைன்ல நல்லா கழுவினா படியாத புரதம் எல்லாம் வெளிய போயிடும், மிச்சத்துக்கு நிறம் ஏத்தினா எந்த லேன்ல பட்டை இருக்கோ அதுதான் பேர். ஐஜிஜி லேன்லயும் கப்பா லேன்லயும் ஒரே உயரத்துல கூர்மையா பட்டை வந்தா, ஐஜிஜி கப்பா மோனோகுளோனல், அதாவது ஒரே குளோன்ல இருந்து வந்தது. ரெண்டும் நேர்கோட்டுல நிக்கணும், இத ஸ்கேல் வச்சே பாருங்க. பரவலா மங்கலா ரெண்டு லைட் செயின்லயும் நிறம் இருந்தா அது பாலிகுளோனல், பல குளோன்களோட கலவை.

சாம்பிள நீர்க்கிற அளவு இங்க ரொம்ப முக்கியம். புரதம் அளவுக்கு மீறி இருந்தா ஆன்டிபாடி போதாம கூட்டு சேராது, பட்டையோட நடுப்பகுதி கழுவும்போதே கரைஞ்சு போயி ஓரம் மட்டும் தெரியும், நடுவுல வெத்தா இருக்கும். அப்படி பாத்தா இன்னும் நீர்த்து மறுபடி ஓட்டுங்க.

லைட் செயின்ல பட்டை இருக்கு, ஆனா ஜி, ஏ, எம் மூணுலயும் இல்லன்னா அங்கயே நிறுத்தக் கூடாது. ஐஜிடி, ஐஜிஇ ஆன்டிசீரம் போட்டுப் பாக்கணும், அதுவும் இல்லன்னா தனி லைட் செயினா இருக்கலாம். லைட் செயின் மைலோமாவுல சீரம் ஜெல் கிட்டத்தட்ட அமைதியா, காமா மட்டும் வழக்கத்த விட வெளிறி இருக்கும், ஏன்னா அந்தச் சின்ன புரதம் சிறுநீர்ல போயிடுது. அந்த வெளிறலையே ஒரு தகவலா எடுத்துக்கிட்டு சிறுநீர் எலக்ட்ரோபோரசிஸும் சீரம் ஃப்ரீ லைட் செயினும் கேளுங்க. மைலோமாவுக்குக் கொடுக்குற டாராட்டுமுமாப் மருந்து போட்டிருக்குற நோயாளின்னா அந்த மருந்தே ஒரு ஐஜிஜி கப்பா, சின்னதா ஒரு பட்டையா தெரியும், அதனால மருந்து விவரம் கேக்காம ரிப்போர்ட்ல கையெழுத்து வேண்டாம்.

இன்னும் ஆழமா போகணும்னா

ஆராய்ச்சிக்குன்னா எஸ்டிஎஸ் பேஜ். இங்க சுமையால இல்ல, அளவால பிரியும். எஸ்டிஎஸ்ங்கிற டிடர்ஜென்ட் புரதத்த விரிச்சு அதோட சொந்த சுமைய மறைச்சிடும். சீரத்த 1-க்கு 50 நீர்த்தா மில்லிக்கு சுமார் 1.4 மில்லிகிராம், அதுல 10 மைக்ரோலிட்டர் போட்டா 14 மைக்ரோகிராம், ஒரு லேனுக்கு அளவான லோடு. டைசல்ஃபைட் பிணைப்ப உடைக்கிற மெர்கேப்டோஎத்தனால் சேர்த்து 95 டிகிரியில 5 நிமிஷம். 66 கிலோ டால்டன்ல தடிமனா ஆல்புமின், அதுக்கு கொஞ்சம் மேல டிரான்ஸ்ஃபெரின், 50-லயும் 25-லயும் இம்யூனோகுளோபுலினோட ஹெவி, லைட் செயின். மெர்கேப்டோஎத்தனால் இல்லாம ஓட்டினா அந்த ரெண்டும் போயி 150-ல முழு ஐஜிஜி வரும், ரெண்டு விதமாவும் பக்கத்துல பக்கத்துல ஓட்டிப் பாத்தா டைசல்ஃபைட் பிணைப்பு கண்ணுக்கே தெரியும். இந்த ஜெல் செய்யுற அக்ரிலமைடு கரைசலா இருக்குறப்போ நரம்பு விஷம், கிளவுஸ் இல்லாம தொடாதீங்க.

66-ல பட்டை இருக்குறதால அது ஆல்புமின்தான்னு உறுதியா சொல்ல முடியுமா? அங்கயும் அதே பதில்தான், எடை ஒத்துப் போகுதுன்னு மட்டும்தான் சொல்லலாம். பேர் வேணும்னா வெஸ்டர்ன் பிளாட் (ஆன்டிபாடிய வச்சு பட்டைய அடையாளம் காணுறது) இல்லன்னா மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (துண்டுகளோட எடைய அளந்து அடையாளம் காணுறது). ரெண்டாவதுக்கு வழி இது. பட்டைய வெட்டி எடுத்து, டைசல்ஃபைட உடைச்சு, அயோடோஅசிட்டமைடு போட்டு மறுபடி சேராம அடைச்சு, ராத்திரி முழுக்க டிரிப்சின்ல விடுங்க. டிரிப்சின் லைசின், ஆர்ஜினின் இருக்குற இடத்துக்கு அப்புறம் வெட்டும், அதனால ஒவ்வொரு புரதமும் தனக்கே உரிய துண்டுகளா (பெப்டைடு) வரும். அந்தத் துண்டுகளோட எடையையும் வரிசையையும் டேட்டாபேஸோட பொருத்தணும். நம்ம தோல், முடியில இருந்து விழுற கெரட்டின் எப்பவும் பட்டியல்ல தலைய காட்டும், கிளவுஸ் மாத்துறதும் பிளேட மூடி வைக்கிறதும் அதுக்குத்தான்.

முழு சீரத்த அப்படியே மாஸ் ஸ்பெக்ல விட்டா ஆல்புமின் துண்டுகளே எல்லாத்தையும் மூடிடும். அதுக்கு முன்னாடி சிபாக்ரான் புளூ ரெசின்ல ஆல்புமினையும் புரோட்டீன் ஜி காலம்ல ஐஜிஜியையும் இறக்கிடுவாங்க. ஆனா ஆல்புமின் தனியா போகாது, தன்னோட ஒட்டியிருக்குற சின்ன புரதங்களையும் கூட்டிக்கிட்டுப் போகும், அதனால ரெசின்ல பிடிபட்டதையும் தூக்கிப் போடாம ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. முடிவு பட்டியல்ல ஒரு புரதத்துக்கு அதுக்கு மட்டுமே உரிய ரெண்டு பெப்டைடாவது கிடைச்சிருக்கணும், போலி வரிசைகளோட டேட்டாபேஸ்லயும் தேடி தப்பான பொருத்தம் 1 சதவீதத்துக்குள்ள இருக்கணும். ஒரே ஒரு பெப்டைட வச்சு வர்ற பேர தனிப் பட்டியல்ல போட்டு வச்சு, அதுக்கு ஆன்டிபாடி கிடைச்சா பிளாட் ஓட்டி சரிபாத்துட்டு அப்புறம் முதல் பட்டியலுக்கு மாத்துங்க.